நாற்பது வீதத்தில் அணைகிற போன்கள்

போன் திருத்துகிற தொழிலில் ஒரு நாளைக்கு அதிகம் காதில் விழுகிற பேச்சு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு" என்பது. அதற்கு அடுத்தது, "சார்ஜ் இருக்கு, ஆனா ஓஃப் ஆகுது."

உங்களுக்கும் இது நடந்திருக்கும். நாற்பது வீதம் சார்ஜ் என்று காட்டும். அவசரமாக யாரையோ கூப்பிட எடுப்பீர்கள், திரை கறுத்துவிடும். சார்ஜரில் குத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல அதே நாற்பதைக் காட்டும். பஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரி வாசலில், கறுத்த திரையில் தெரிகிற சொந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான்.

கண்டி மார்க்கெட்டுக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. கடை நிமலுடையது. முன்பக்கம் அவர் போன் உறை, சார்ஜர், ஹெட்செட் எல்லாம் விற்பார். பின்பக்கம் ஒரு மேசை, ஒரு மேசை விளக்கு, வருகிறவர்கள் உட்கார ஒரு கதிரை. அது என் இடம். நான் கிளார்க்காக இருந்த ஆபீசை மூடியபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. ஆறு மாத வகுப்புக்குப் போய் இந்த வேலையைப் படித்தேன். வேலை கேட்டு ஏறிய ஐந்தாவது கடை இது. நிமல் ஒரு பழைய போனைக் கையில் தந்து, கழற்றிப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். அன்றிலிருந்து ஏழு வருடம்.

பாஸ் எங்கே?

எங்கள் ஊரில் கைவேலை தெரிந்தவரை 'பாஸ்' என்போம். மேசன் பாஸ், தச்சு பாஸ், போன் பாஸ். அந்தச் சொல்லோடு சேர்த்து ஒரு பெண்பிள்ளையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் கிழமை முழுக்க வந்தவர்கள் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்து, "பாஸ் இல்லியா?" என்றுதான் கேட்டார்கள்.

முத்தையா என்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற கிளார்க், மேட்டுப் பக்கம் குடியிருப்பவர். அவரும் அதையே கேட்டார். நிமல் முன்னாலிருந்து திரும்பிப் பார்க்காமலே, "பாஸ் இவங்கதான் ஐயா" என்றார். பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. போனைக் கொடுத்துவிட்டுப் போகாமல் கதிரையில் உட்கார்ந்து என் கையையே பார்த்தார். முப்பது வீதம் இருக்கும்போது யாரையாவது கூப்பிட்டால் அணைந்துவிடுகிறதாம். திறந்து பார்த்தேன். பெட்டரி பழசு, கொஞ்சம் உப்பியும் இருந்தது. கவனமாக மாற்றினேன்.

ஏன் அப்படி ஆனது என்று கேட்டார். "பழைய பெட்டரி சும்மா இருக்கிறப்ப நல்லாத்தான் இருக்கும் ஐயா. திடீர்னு வேலை குடுத்தா தாங்காது. உக்காந்திருக்கிறவங்கள மேடு ஏறச் சொன்ன மாதிரி, மூச்சு வாங்கி நின்னுரும்" என்றேன். அவர் நம்பரை அழுத்திச் சம்சாரத்தைக் கூப்பிட்டுப் பேசினார். போன் அணையவில்லை. எழுந்து, சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு கேட்டார்: "அப்ப எனக்கும் அதே வியாதிதான். எனக்குப் போடுறதுக்குப் பெட்டரி இருக்கா, பாஸ்?"

உறை

பேராதனையில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று வந்தது. இரவு எழுபது வீதத்தில் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் போன் செத்துக் கிடக்கிறது, அலாரம் அடிப்பதில்லை, மூன்று கிழமையாக முதல் விரிவுரைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்குகிறாள். பெட்டரியைச் சோதித்தேன், புதுசு மாதிரி இருந்தது. அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்தபிறகுதான் உறையைக் கழற்றினேன். உறை பிழையான அளவு. அதன் விளிம்பு பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தலையணைக்குக் கீழே வைத்தால் இன்னும் அழுத்தும், போன் அணைந்துவிடும். உறை இல்லாமல் கொண்டுபோய் இரண்டு நாள் பார்க்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வந்தாள். இரண்டு நாளும் அலாரம் அடித்ததாம். நான் பெருமையாக, "இப்படிப்பட்ட உறையெல்லாம் விக்கிறவங்கள என்ன சொல்றது?" என்றேன். அவள் முன்பக்கம் நின்ற நிமலை ஒருதரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஓம் அக்கா, அதை நான் காசு குடுத்து வேண்டினது உங்கட கடையிலதான்."

பிரிட்ஜுக்குள் வைத்த போன்

தெல்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிற பரமேஸ்வரி மூன்று தரம் வந்தாள். ஒவ்வொரு தரமும் ஒரு நாள் பேர் போட முடியாமல், அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தாள். அவள் புருஷன் கட்டாரில் வேலை செய்கிறார். அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஐம்பது, அறுபது வீதத்தில் போன் அணைந்துவிடுகிறது என்றாள்.

முதல் தரம் ஒரு மணித்தியாலம் வீடியோ ஓடவிட்டுப் பார்த்தேன். அணையவே இல்லை. "போன்ல ஒன்னும் இல்லம்மா" என்று அனுப்பினேன். இரண்டாம் தரம் மென்பொருளைப் புதுசாக ஏற்றிக் கொடுத்தேன். மூன்றாம் தரம் வந்தபோது, சின்னச் சலிப்போடுதான் போனை வாங்கினேன். அவள் கதிரையில் உட்காராமல் நின்றபடி, "அவரு ரெண்டு கிழமையா பேசல. சண்ட வந்தா நான் வேணும்னே கட் பண்ணிர்றேனாம்" என்றாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "எங்க நின்னு பேசுவீங்க?" குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது, அதில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும் என்றாள். பொழுது சாய்ந்த பிறகு, பனி இறங்குகிற நேரம். டவர் சரியாக எட்டாத இடத்தில் போன் கூடுதலாக உழைக்கும். குளிரில் களைத்த பெட்டரி இன்னும் களைக்கும். என் மேசையோ சூடு. முழு டவரும் இங்கே உண்டு. என் கடையில் அது எப்படி அணையும்?

போனைப் பொலித்தீன் பையில் இறுக்கிச் சுற்றி, பக்கத்துக் கூல்ட்ரிங்ஸ் கடைப் பிரிட்ஜில் இருபது நிமிடம் வைத்தேன். (நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள், உள்ளே வேர்த்தால் போன் முழுசாகப் போய்விடும்.) வெளியே எடுத்து, கெமராவைத் திறந்து, அழைப்பும் எடுத்தேன். ஐம்பத்தெட்டு வீதத்தில் பட்டென்று அணைந்தது. பரமேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பெட்டரியை மாற்றிக் கொடுத்ததும் அங்கேயே புருஷனைக் கூப்பிட்டு, போனை என்னிடம் நீட்டினாள். "தம்பி, ஒங்க வீட்ல கட் பண்ணல. பெட்டரிதான் பழுது. நானே பார்த்தேன்" என்றேன். அந்தப் பக்கம் "பெட்டரியா?" என்று ஒரு குரல். பிறகு, "அவகிட்ட குடுங்க அக்கா" என்றார். அவள் வெளியே போய்க் கால் மணித்தியாலம் பேசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். "அவரும் என்னைய நம்பல, நீங்களும் நம்பல. அந்தப் பிரிட்ஜுதான் அக்கா நம்புச்சு."

ஒற்றைத் திருகாணி

இது என் பிழை. மறைத்துச் சொல்ல விருப்பமில்லை.

நிஸாம் ஹாஜியாருக்குத் திகனயில் ஹார்ட்வெயார் கடை. ஒரு பின்னேரம் அவர் போனுக்குப் புதுப் பெட்டரி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குக் கூட்டம். பெட்டரியின் வயர் முனையை அழுத்திப் பிடிக்க ஒரு சின்னத் தகடு உண்டு, அதற்கு இரண்டு திருகாணி. நான் ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் அவர் மகளுக்குப் பிரசவம். மருமகன் ஆஸ்பத்திரியில். ஹாஜியார் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டர் சைக்கிளில் கடைக்குப் போய், அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறார். வழிக் குலுக்கத்தில் தகடு கழன்று, எண்பது வீதம் சார்ஜோடு போன் எப்போதோ அணைந்துவிட்டது. புதுப் பெட்டரிதானே என்ற நம்பிக்கையில் அவர் எடுத்துப் பார்க்கவும் இல்லை. மருமகன் அடித்து அடித்துக் களைத்து, கடைசியில் பக்கத்துக் கடைக்காரருக்கு அடித்துத்தான் தகவல் போயிருக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது.

அதற்கு மறுநாள் காலை இதையெல்லாம் அவரே சொல்லிவிட்டு, போனை மேசையில் வைத்தார். திறந்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. மற்றத் திருகாணி என் மேசை விரிப்பின் மடிப்புக்குள் கிடந்தது. 'பெட்டரி கொம்பனிப் பழுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நிமலும் பார்த்துக்கொண்டு நின்றார். "ஹாஜியார், பிழை என்னோடது. ஒரு ஆணி போடாம விட்டுட்டேன்" என்றேன். நிமல் என்னை வேறு வேலை தேடச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் எனக்காகத் தானும் மன்னிப்புக் கேட்டார்.

ஹாஜியார் திறந்து கிடந்த போனைக் குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த பையைத் திறந்து, பேரன் பிறந்ததற்காகக் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "பேரப்புள்ளட காதுல பாங்கு சொல்றதுக்கு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க, அது தவறிப் போகல. இனிப்ப எடுங்க, ஆணியப் போடுங்க."

கல்யாணப் படங்கள்

மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிற செல்லையா அண்ணன் கொண்டுவந்த போன், முதல் நாள் அறுபது வீதத்தில் அணைந்தது. இரண்டாம் நாள் என் மேசையில் எழும்பவே இல்லை. பெட்டரியில் குறை இல்லை, உள்ளே போர்டு போய்விட்டது. அதைச் சொன்னபோதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். மகள் கல்யாணத்துக்குப் படமெடுக்க ஆள் பிடிக்கவில்லை. எல்லாப் படமும் இந்த ஒரு போனில்தான். நானூறு சொச்சம் படம். வேறெங்கும் பிரதி இல்லை.

பெட்டரியைக் கழற்றிவிட்டு மேசையிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். நாலு நிமிடம் எழும்பியது, சூடாகி அணைந்தது. ஆறவிட்டு மறுபடி கொடுத்தேன். நாலு நிமிடத்துக்கு இருபது படம், முப்பது படம் என்று கம்பியூட்டருக்கு இழுத்தேன். அண்ணன் வேலை முடிந்ததும் வந்து கதிரையில் உட்கார்ந்துவிடுவார். மணப்பெண் அலங்காரம் வந்தது, பந்தி வந்தது. தாலி கட்டுகிற படம் மூன்றாம் நாள்தான் வந்தது. அது திரையில் விழுந்ததும் மனுஷன் எழுந்து நின்றார், கோயிலில் நிற்கிற மாதிரி. நிமலும் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

நாலாம் நாள் போர்டு முழுசாகச் செத்தது. நூறு படம் அளவில் வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. "மன்னிச்சிருங்க அண்ணே, முடிஞ்சது இவ்வளவுதான்" என்றேன். அவர் வந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நிதானமாகப் பார்த்து முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வராம போனது பூரா எங்க மச்சான் வீட்டு ஆளுக. நான் ஒன்னும் சொல்லலம்மா, மெஷினே பார்த்து முடிவெடுத்திருக்கு."

நல்ல பெட்டரி செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் எங்கேயோ இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், அவர்கள் தங்கள் வேலையைக் கொஞ்சம் ஆறுதலாக, அவசரப்படாமலே செய்யட்டும் என்பதுதான், இதுவரை அதைச் செய்து முடிக்காமல் இத்தனை நல்ல மனிதர்களை என் மேசைக்கு அனுப்பிவைத்ததற்காக நான் அவர்களிடம் நன்றியோடு கேட்டுக்கொள்வது.