சிறுவர் பூங்காவின் சாவிக்காரன்

காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறக்கிறேன், சறுக்குமரத்துக்குப் பத்தடி தள்ளிப் பதினாலு சக்கர லாரி ஒன்று நிற்கிறது. ஊஞ்சல் சங்கிலியில் டிரைவருடைய ஈரக் கைலி ஆடுகிறது. சிறுவர் பூங்காவைக் காக்கிற தொழிலில் பொழுது பெரும்பாலும் இப்படித்தான் விடியும்.

கழுத்தில் விசிலும் கையில் சாவியும் கொடுத்து, சொன்னால் கேட்கிற ஆளை மட்டும் கொடுக்காமல் எங்கெங்கோ நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். நம்ம பேஜாரு நமக்குத்தான் தெரியும். என் கதை சுருக்கம். வயது பதினெட்டு. ப்ளஸ் டூவில் கணக்கில் ஃபெயில். திரும்ப எழுதச் சொன்னார்கள், முடியாது என்றேன். கம்பெனிகளில் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஊராட்சியில் சத்தமாக விசில் ஊத வருமா என்று மட்டும் கேட்டார்கள். வந்தது. பத்து மாதமாக, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பூங்காவுக்கு நான்தான் வாட்ச்மேன். மேற்கே சறுக்குமரம், ஊஞ்சல், சீசா. கிழக்கே பசங்க ஓடியாட வெறும் மைதானம். மேற்குப் பக்கம் கேட்டு, பூட்டு, சாவி மூன்றும் உண்டு. கிழக்குப் பக்கம் மதிலே கிடையாது. என்னத்தைப் பூட்டுவது?

ஷிப்டு

அந்த லாரி நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பின்னால் எட்டுப் பையன்கள் பேட்டோடு நிற்கிறார்கள்; அவர்களுடைய பிட்ச் லாரிக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் நெல்லூர்ப் பக்கத்து ஆள். ஸ்டம்ப் நடுகிற இடத்தில் ஸ்டவ் பற்ற வைத்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். நான் விசிலை ஓங்கி ஊதினேன். அடுப்பு அணைந்துவிடும், மெல்ல ஊது என்று கையைக் காட்டினார்.

தப்பு முழுக்க அவருடையது இல்லை என்று எனக்கும் தெரியும். கம்பெனியில் பத்து மணிக்கு முன்னால் லாரியை உள்ளே விட மாட்டார்கள். ரோட்டில் நிறுத்தினால் போலீஸ் விரட்டும். அதற்காகப் பசங்களுடைய ஞாயிற்றுக்கிழமை மேலேயா நிறுத்துவது? "வண்டிய எடுண்ணே" என்றேன். அவர் ஒரு தட்டில் உப்புமாவைப் போட்டு என் பக்கம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "மொதல்ல நாஷ்டா பண்ணு நைனா. லாரி காலைல நிக்கட்டும், பசங்க சாயந்தரம் ஆடட்டும். ரெண்டு பேரும் ஷிப்டு மாத்திக்கினா நடுவுல உனக்கு இன்னா கஷ்டம்?"

கூழ் வத்தல்

மே மாதம், ஸ்கூல் லீவு. சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து அடி வரைக்கும் வெள்ளை வேட்டி விரித்து, ஓரமெல்லாம் துணி கிளிப் போட்டு, சுலோச்சனா அக்கா கூழ் வத்தல் ஊற்றி வைத்திருந்தார். எங்கள் தெருதான், பைப் கம்பெனியில் பெருக்குகிற வேலை. எவர்சில்வர் தகடு என்பதால் மேலேயும் சூடு, கீழேயும் சூடு, ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். சறுக்க வந்த பசங்களைக் காக்கா விரட்ட உட்கார வைத்துவிட்டார். அவர்கள் காக்காவை விரட்டிக்கொண்டே பாதி வத்தலை ஈரத்தோடு தின்று தீர்த்தார்கள்.

சாயந்திரம் வேட்டியைச் சுருட்ட வந்தவரிடம், "அக்கா, இது பசங்க சறுக்கறதுக்கு. வத்தல் காயப்போட இல்ல. சிறுவர் பூங்கான்னு போர்டுல எழுதிக் கீது பாரு" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் காலியாகக் கிடந்த பாதி வேட்டியைப் பார்த்தார். பசங்களுடைய வாயைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "துன்றது யாரு? சிறுவருங்கதானே? அப்பறம் நீ எதுக்குடா நடுவுல விசில் ஊதற?"

போட்டோ

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பூங்காவைப் படம் எடுக்க வருகிறார் என்று ஊராட்சி கிளார்க் சார் சொன்னார். முந்தின நாள்தான் எல்லாவற்றுக்கும் நீல பெயின்ட் அடித்திருந்தது. ஒரு பையன் கால்கூட உள்ளே படக் கூடாது என்று உத்தரவு. பூட்டினேன். அதிகாரி வந்தார், சுற்றிப் பார்த்தார், "எல்லாம் சரி, குழந்தைங்க எங்கே?" என்றார். அது பள்ளிக்கூட நேரம். கிளார்க் சார் ஓடிப்போய், பின்னால் இருக்கிற லைன் வீடுகளிலிருந்து பீகார்த் தொழிலாளர்களுடைய குழந்தைகள் ஆறு பேரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பசங்களை உள்ளே விடாதே என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தவரும் அவர்தான். விசில் ஊதி விரட்டியவன் நான்தான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஆறு பேரும் ஏறி ஆடினார்கள். அதிகாரி "சிரிங்க" என்று சொல்வதற்குள்ளேயே சிரித்துவிட்டார்கள். கார் கிளம்பியதும் "போதும், எறங்குங்க" என்றார் கிளார்க் சார். ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். சோனு என்று ஒரு பொடியன், எங்கள் தெருவிலேயே தமிழ் கற்றுக்கொண்டவன், பின்பக்கமெல்லாம் நீல பெயின்டோடு என் முன்னால் வந்து நின்றான். "அண்ணா, நாளிக்கும் உள்ள வுடுவியா? இல்ல போட்டோக்கு மட்டுமா?"

ஆறு வருஷம்

கேட்டில் இன்னொரு போர்டும் உண்டு: '12 வயதுக்கு உட்பட்டோர் மட்டும்'. பெரிய பையன்கள் அதைச் சட்டை செய்ய மாட்டார்கள். நேராக மைதானத்துக்குப் போய்விடுவார்கள். பொண்ணுங்களுக்குத்தான் சங்கடம். ஸ்கூல் விட்டதும் ஐந்தாறு பேர் சீசா பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவார்கள், கொஞ்சம் சிரிப்பார்கள். வயசுப் பொண்ணுங்களுக்குப் பூங்காவில் என்ன சிரிப்பு என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பிவிடு என்றார் கிளார்க் சார்.

போய்ப் போர்டைக் காட்டினேன். அந்தக் கூட்டத்தில் ஜெனிஃபர் என்று ஒருத்தி, ஒன்பதாவது படிக்கிறாள், அப்பா வெல்டர். எதிர்த்துப் பேசாமல் போர்டை முழுசாகப் படித்தாள். நோட்டை மூடினாள். பிறகுதான் கேட்டாள்: "பன்னெண்டு முடிஞ்சா இங்க வரக் கூடாது. பதினெட்டு ஆனாதான் கிராம சபைல பேசலாம். நடுவுல ஆறு வருஷம் நாங்க எங்கண்ணா நிக்கறது, தண்டவாளத்துலயா?"

பசங்க சபை

அந்த வயதுப் போர்டு காற்றில் விழுந்து உடைந்துவிட்டது என்று கிளார்க் சாரிடம் சொன்னேன். அன்றைக்குக் காற்றே அடிக்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து மைதானத்தை டேப் பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கபடி கோர்ட் வருகிறது என்று பசங்களுக்கு ஒரே குஷி. லாரி ஸ்டாண்டு என்றார்கள் அளந்தவர்கள். வரப்போகிற கிராம சபையில் தீர்மானம் போட்டால் முடிந்தது, மைதானம் போய்விடும். அன்று சாயந்திரமே ஜெனிஃபர் முப்பது பசங்களை அந்தக் கோட்டுக்குள்ளேயே வட்டமாக உட்கார வைத்துவிட்டாள். என் விசிலைக் கடன் வாங்கினாள். விசில் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். ஒரு ரெண்டாங்கிளாஸ் வாண்டு பேசாமல் ஊதிக்கொண்டே இருந்ததால் கொஞ்சம் நேரம் போனது. மற்றபடி ஊராட்சியைவிட ஒழுங்காக நடந்தது. ஒன்று, மைதானத்தைத் தர மாட்டோம். இரண்டு, கம்பெனிகளுக்கு உள்ளே நிறைய காலி இடம் இருக்கிறது, லாரி அங்கேயே நிற்கட்டும். மூன்று, சோனு கூட்டத்தைத் தினமும் உள்ளே விட வேண்டும். நான்கு, வாட்ச்மேன் அண்ணன் யாரையும் எருமை என்று திட்டக் கூடாது.

நான்காவதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று எழுந்தேன். ஜெனிஃபர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள்: "உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சிண்ணா. இந்த சபைல நீ உக்காந்து பாக்கலாம், பேசக் கூடாது."

ஏகமனது

கிராம சபை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு: தீர்மானங்களை முந்தின நாளே நோட்டில் எழுதி வைத்துவிடுவார்கள். மறுநாள் ஜனங்கள் வந்து கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, பிஸ்கட் வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். கிளார்க் சார் எழுதியதை வாசிப்பார். கூட்டம் முடியும். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியார்கூட அதை மட்டும் பாராட்டியிருக்கிறார். அதனால் இந்த முறை எழுதுகிற வேலை எனக்கு வந்தது. கிளார்க் சார் ஒரு சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினேன். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, கொசு மருந்து. எட்டாம் எண்ணுக்கு அவர் சொன்னது: "மேற்படி கிழக்குப் பகுதி காலியிடத்தினைக் கனரக வாகனத் தங்குமிடமாக வகைமாற்றம் செய்திட இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். "சார், கூட்டம் நாளைக்குத்தானே? ஒருத்தர்கூட இன்னும் வரலியே, அதுக்குள்ள எப்படி ஏகமனது?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. தொழில் சொல்லித் தருகிற மாதிரிதான் சொன்னார்: "நாளைக்கு அவசரத்துல எழுதினா கோணலா வரும்டா. ஏகமனதெல்லாம் முந்தின நாளே நிதானமா உக்காந்து எழுதணும்."

மைக்

எட்டு என்று எண் மட்டும் போட்டேன். நாலு விரல் இடம் விட்டேன். ஒன்பதுக்குப் போய்விட்டேன். வீரம் எல்லாம் இல்லை. நாளைக்கு நடக்கப்போவதை நடந்துவிட்டதாக எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். கிளார்க் சாருக்கு எழுதியதைச் சரிபார்க்கிற பழக்கம் கிடையாது. மறுநாள் மைதானத்திலேயே ஷாமியானா. அவர், நிற்காத ஸ்டேஷனைத் தாண்டுகிற எக்ஸ்பிரஸ் மாதிரி வாசித்துக்கொண்டே வந்தார். "தீர்மானம் எண் எட்டு" என்றார். நின்றார். பக்கத்தைத் திருப்பினார், திரும்பத் திருப்பினார். சீட்டை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "இன்னாய்யா எட்டு?" என்றார் ஊராட்சித் தலைவர். நோட்டுத் தமிழ் நோட்டில் இல்லாததால் கிளார்க் சார் வீட்டுத் தமிழில் சொல்லும்படி ஆகிவிட்டது: "அதாவது... இந்த கிரவுண்டுல லாரி நிறுத்தறது."

வகைமாற்றம் என்று வாசித்திருந்தால் ஒருவருக்கும் புரிந்திருக்காது. லாரி எல்லாருக்கும் புரிந்தது. "எந்த கிரவுண்டு? நாங்க இப்ப குந்திக்கினு கீறமே, இதுவா?" என்று சுலோச்சனா அக்கா எழுந்தார். ஜெனிஃபரும் எழுந்தாள். பசங்களுக்கு ஓட்டு இல்லை, உட்காரு என்றார் தலைவர். உடனே அவள் அம்மா மைக்கைப் பிடித்தார்: "எனக்கு ஓட்டு கீதுல்ல? நான் பேசறேன்." ஜெனிஃபர் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுக்க, அம்மா ஒவ்வொரு வரியாக மைக்கில் விட்டார்: "லாரி நிக்க கம்பெனி உள்ள எடம் கீது... நாங்க நிக்க இது ஒண்ணுதான் கீது... அம்மா, மைக்கைக் கிட்ட வெச்சுப் பேசு." கூட்டம் சிரித்தது, ஆனால் கலையவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் அம்மாக்கள், ஒவ்வொரு முதுகுக்கும் பின்னால் ஒரு பிள்ளை. சோனுவின் அம்மாவுக்கு இங்கே ஓட்டு இல்லை. அவன் சுலோச்சனா அக்காவின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

கடைசியில் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சபையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். மேடைப் படி இறங்கும்போது கிளார்க் சாரிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "எப்பவும் போல வேகமா படிச்சினு போயிருந்தா முடிஞ்சிருக்குமேய்யா!"

பேனா

ஷாமியானா பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளார்க் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு நோட்டையும் தன் பேனாவையும் கையில் கொடுத்தார். தீர்மானங்கள் முடிந்த இடத்தில், வந்தவர்களுடைய கையெழுத்துகள் பக்கம் பக்கமாக இருந்தன. எட்டாம் எண்ணில் இடம் இருக்கிறது, நேற்றுச் சொன்னதை அப்படியே எழுதிவிடு என்றார். அவரே எழுதினால் எழுத்து மாறித் தெரியும், மேலே கேள்வி கேட்பார்கள். நடந்ததை வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். "நடந்தது யாருக்குடா ஞாபகம் இருக்கப் போவுது? நீ எழுதினா உன் வேலை நிக்கும்" என்றார்.

நோட்டோடு வந்துவிட்டேன். பன்னிரண்டு நாளாகத் தினமும் காலையில் பூங்கா கேட்டுக்கு வந்து "எழுதிட்டியாடா?" என்று கேட்கிறார், நானும் தினமும் "எழுதல சார்" என்கிறேன். பத்து மாத உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் காவல் காத்து வருவது, ஒரு நோட்டில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு காலியிடம்.