கதவோரக் குடை

அத்தை எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் வாசற்படியில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்ப்பாள். ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக அசையும்: நாற்காலி, தண்ணீர்க் குடம், கழற்றிப் போட்ட செருப்பு. அண்ணன் மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது நடக்கிறது.

"என்னத்த எண்ணுறே? உன் சாமான நாங்க தூக்கிட்டுப் போயிடுவோமா?" என்பார் அண்ணன்.

"எண்ணலண்ணே. போன தடவை எது எங்க இருந்துச்சோ அது அங்கதான் இருக்கணும். கை பழகிப்போச்சு."

அத்தைக்குச் சினிமாப் படப்பிடிப்பில் வேலை. நடிகர்கள் வருமுன் அறையில் பொருள்களை வைக்க வேண்டும். நேற்று மேசையில் பாதி குடித்த தம்ளர் இருந்தால், இன்றும் அதே அளவு தண்ணீரோடு அதே இடத்தில் இருக்க வேண்டும். பதினாறு வருடம் உதவியாளாக இருந்த பிறகுதான் ஒரு படம் முழுதாக அவள் பொறுப்பில் வந்தது.

கதை, பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பியைப் பற்றியது. அம்மா இருப்பது அண்ணன் வீட்டில். அவள் தம்பி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. கையைக் கடிக்கிற செலவு என்பதால், ஒரே அறையில் அண்ணன் வீட்டுக் காட்சிகளை எடுத்து முடித்து, சுவருக்கு வேறு வண்ணம் பூசித் தம்பி வீடாக்கினார்கள். அத்தை எல்லாவற்றையும் மாற்றினாள். ஆனால் அண்ணன் வீட்டுக் கதவோர ஆணியில் தொங்கிய அம்மாவின் குடையை, பழகிய கை மறுபடியும் அங்கேயே மாட்டிவிட்டது. பிடியில் பச்சை நூல் சுற்றிய குடை. தம்பி வீட்டுக் காட்சிகளை எடுத்த நான்கு நாளும் அது இம்மி பிசகாமல் அதே ஆணியில் இருந்தது.

எடிட்டர்தான் கண்டுபிடித்தார். அதற்குள் அறையைக் காலி செய்து கொடுத்தாயிற்று.

டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். இனி யாரும் படம் தர மாட்டார்கள் என்று போகிற வழியிலேயே அத்தை முடிவுகட்டிவிட்டாள்.

"அண்ணன் வீட்டுக் குடை இங்க எப்படிம்மா வந்துச்சு? நடந்தே வந்துச்சா?" என்றார் அவர், திரையைக் காட்டி.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். திரையில் குடையைப் பார்த்ததும் வேறு என்னவோ வந்தது.

"அவங்கம்மா வந்திருப்பாங்க சார். பெரியவனுக்குத் தெரியாம. வர்றப்ப மழை பெஞ்சிருக்கும், போறப்ப விட்டிருக்கும். மறந்து வச்சுட்டுப் போயிருப்பாங்க."

எடிட்டர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். டைரக்டர் திரைக்கு அருகே போய்க் குடையைப் பார்த்தார். பிறகு, "குடை பத்திரமா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

கடைசிக் காட்சியை மாற்றினார். அதற்கு ஒரு துண்டுச் சுவரும் ஓர் ஆணியும் போதுமாக இருந்தன. அம்மா இறந்த செய்தியைச் சொல்லத் தம்பி வீட்டுக்கு வருகிறான் அண்ணன். கதவோரம் குடை. வசனம் கிடையாது. பிடியில் சுற்றிய நூலைத் தொட்டுப் பார்க்கிறான்.

தியேட்டரில் பின்வரிசையில் யாரோ மெல்லச் சொன்னார்கள்: "அடி, அம்மா வந்துட்டுத்தான் போயிருக்காங்க." அத்தையோடு படம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். திரும்பத் திரும்ப வரும் பொருள் படத்தின் உட்பொருளைச் சுமக்கும் என்று சினிமாப் பாடத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். எதைத் தெரிந்து எழுதினோம் என்று இப்போது தோன்றியது. இரண்டு வீடு, ஒரு குடை. நடுவில் அந்தத் தாய் நடந்து வந்ததை யாருமே படம் பிடிக்கவில்லை. ஆனால் முந்நூறு பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"தப்பா வச்சதா, தெரிஞ்சே வச்சதா அத்தை?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"தப்புத்தான்டி." நாலடி நடந்த பிறகு, "ஆனா அந்தப் பொம்பளைய நெனச்சு எனக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள் அத்தை.

அதன் பிறகு அவளுக்குப் படங்கள் வந்தன. குடைதான் வரவில்லை. அது கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுடையது. "ரெண்டே நாள்" என்று சொல்லி வாங்கியது. இப்போது படக் கம்பெனி ஆபீசில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். புதுக்குடை இரண்டு வாங்கிக் கொடுத்தும் தையல்காரம்மா தொடவில்லை. "அந்த நூலைச் சுத்துனது நான். அதக் கொண்டா."

மழை பெய்தால் அவள் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, அத்தையின் ஜன்னலுக்கு நேர்கீழே மெதுவாக நடப்பாள்.

"எல்லாத்தையும் இருந்த எடத்துலயே வைக்கிறவளாமே நீ," என்பாள் மேலே பார்த்து. "ரெண்டு நாள் ஆகலையா இன்னும்?"