இரண்டாம் பாகத்தில் நிற்க இடமில்லை

டிவி கேமில் கார் ரேஸ் முதல் பாகம் உசத்தியா, இரண்டாம் பாகம் உசத்தியா என்று இன்றைக்கும் யாராவது ஆரம்பித்தால் நான் மெல்ல எழுந்து போய்விடுவேன். ஐந்தாம் வகுப்பில் அந்தச் சண்டையில் என்னை மடக்க எங்கள் பள்ளி வேனில் ஆளே கிடையாது. இரண்டாம் பாகத்தில் சாயங்கால வானம் சிவக்கும், வண்டி உரசினால் பொறி பறக்கும், எதிரிக் கார் ஏழு. முதல் பாகத்தில் என்ன இருக்கிறது? ஒரு சிவப்புக் கார், ஒரு கடற்கரை ரோடு, வழியெல்லாம் பனைமரம். இரண்டாம் பாகத்தை ஒரு தோழி வீட்டில் அரைமணி நேரம் பார்த்ததோடு சரி. வாய் மட்டும் காது வரை.

அப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த கேம் பெட்டியும், அதோடு வந்த முதல் பாக கேசட்டும்தான் எங்கள் சொத்து. அந்த வருடம் அக்கா ப்ளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலாகிவிட்டாள். அப்பா கத்தவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார்; அது அதைவிட மோசம். அம்மா நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தாள். அக்டோபரில் மறுபடி எழுதலாம். தேறினால் கல்லூரி. இல்லாவிட்டால், திருவான்மியூரில் ஏற்கெனவே ஜாதகம் வாங்கிப் போயிருந்த குடும்பத்தைப் பெண் பார்க்க வரச் சொல்வது. அக்காவுக்குப் பதினெட்டு வயது. கல்லூரிக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அவள் கை சில்லிட்டுவிடும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். டிவி முன்னால் உட்கார்ந்து கொஞ்ச தூரம் கார் ஓட்டுவாள். பிறகு ஒரு பனைமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, மடியில் நோட்டை வைத்து ஒரு கணக்குப் போடுவாள். முதல் பாகத்தில் கடிகாரம் கிடையாது. எவ்வளவு நேரம் நின்றாலும் கேட்பாரில்லை, மற்ற கார்கள் அதுபாட்டுக்குப் போகும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்து விடை சரி என்று நான் சொன்னால், அடுத்த மரம் வரைக்கும் ஓட்டுவாள். தப்பென்றால் கார் அங்கேயே நிற்கும்.

"போறவன்லாம் போகட்டும்டி, நாம மெதுவா போலாம்" என்பாள். நான் கொட்டாவி விடுவேன். மரத்துக்கு மரம் அப்படியே ஊர்ந்து, முக்கால் புத்தகத்தை முடித்துவிட்டாள்.

தி. நகரில் ஒரு கேசட் கடை இருந்தது. பழையதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசும் போட்டால் வேறு கேசட் தருவார்கள். ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் கடையில் அம்மா ரவிக்கைத் துணிக்கு லைனிங் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் நழுவி அங்கே போனேன். பிறந்தநாள் காசும் முதல் பாகமும் பையில் இருந்தன.

"பார்ட் டூ வந்துகீது பாப்பா. பழச குட்த்துட்டு எட்த்துக்கினு போ" என்றார் கடைக்காரர். கொடுத்தேன். அக்காவுக்கு இந்த அழுமூஞ்சி ரோட்டிலிருந்து விடுதலை வாங்கித் தருகிறோம் என்று அவ்வளவு பெருமை எனக்கு.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் ஓட்டி, பழக்க தோஷத்தில் ஓரங்கட்டிப் பென்சிலை எடுத்தாள். மேலே எண்கள் குறைந்துகொண்டே வந்து, திரை இருண்டு, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து விழுந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடி விழுந்தது.

"இதுல நிக்கவே விடமாட்டானாடி?"

"நின்னா அவுட்டுக்கா. ஓட்டிக்கிட்டே இருக்கணும். அதான் இதுல சூப்பர்" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தாலும் இன்றைக்கு மனசு ஆறியிருக்கும். பழையது எங்கே என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். மறுவாரம் அம்மாவை நச்சரித்துக் கடைக்குப் போனால், "அது அன்னிக்கே பூட்ச்சே" என்றார் கடைக்காரர். அக்கா மேஜையில் உட்கார்ந்து படித்துப் பார்த்தாள். எழுதுவாள், அடிப்பாள், தாளைக் கிழிப்பாள். விடை பார்க்க என்னைக் கூப்பிடவே இல்லை. அவளுக்கு இரண்டாம் பாகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ரசனை கெட்ட ஜன்மம் என்று வேனில் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு கேசட்டால் யாருக்கும் தலையெழுத்து மாறாது என்று பிற்பாடு அக்காவே சொல்லியிருக்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என்ன செய்தாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில் அவள் சமையலறைக்குப் போய், "அவங்கள வரச் சொல்லிரும்மா. நான் எழுதல" என்றாள். அம்மா அடுப்பை அணைத்தாள். அக்கா புத்தகங்களை அடுக்கிக் கயிற்றால் கட்டி, பரணில் போட்டுவிட்டு வந்தாள்.

பரீட்சை இல்லையென்றால் படிப்பும் இல்லை, இனி நாள் பூரா என்னோடு விளையாட வருவாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் டிவியைப் போட்டு, இரண்டு பேர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நல்ல காரை அவளுக்கென்று விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.