ஒரு பாடகனின் மௌன விரதம்

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸின் கண்டக்டர் அவர். நரைத்த மீசை, கம்பளித் தொப்பி. இடத்தின் பெயரைக் கூவும்போதெல்லாம் ஒரு காதைப் பொத்திக்கொள்வார், சுருதி பிடிப்பவர் மாதிரி.

முதன்முதலில் அவரைப் பார்த்த அன்று, ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நான் பாட வேண்டியிருந்தது. மேடை என்றாலே எனக்குப் பயம். தொண்டையையாவது காப்பாற்றலாமென்று காலையிலிருந்தே பேசாமல், கழுத்தில் மஃப்ளரோடு பஸ் ஏறினேன்.

"எங்க போகணும் தம்பி?"

தோட்டத்தின் பெயரை போனில் தட்டிக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"பேச்சு வராத புள்ளங்க. யாராச்சும் கொஞ்சம் எடம் குடுங்க!"

ஓர் அம்மாள் எழுந்துகொண்டார். மறுப்பதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே, உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பகலில் மேடையேறினேன். முதல் வரியிலேயே குரல் பிசிறடித்தது. மேலே போகவேண்டிய இடத்தில் உடைந்தே போனது. கூட்டம் கடலைக்காரர் பக்கம் திரும்பியபோது, முன்வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார். வேலை முடிந்து திருவிழாவுக்கு வந்திருந்த அதே கண்டக்டர்.

"ஆத்தா! பேச்சு வராத புள்ளய பாடவே வச்சிட்டியே!"

தலைக்குமேல் கைகூப்பித் தேம்பி அழுதார். கூட்டமே என்னைப் பார்த்துக் கும்பிட்டது.

இன்றும் பஸ்ஸில் கண்டால், "ஏதாச்சும் பேசுங்க தம்பி, கேப்போம்" என்பார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுப்பேன். ஆனால் இத்தனை வருடத்தில் என் பாட்டைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுதவர் அவர் ஒருவர்தான்.