பர்மாக்கடையில் அம்மா கேட்டு வாங்கிய இரண்டாவது கிண்ணம்

மீன் சாற்றில் வாழைத்தண்டு வேகும் மணத்தை நான் முதன்முதலில் முகர்ந்தது எங்கள் சங்கரன்கோவில் பார்க்கில்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மண்ணெண்ணெய் நெடிக்கும் அம்மா தலையில் வைத்திருந்த பிச்சிப்பூவின் வாசனைக்கும் நடுவில் அது வந்து மூக்கில் ஏறியது. எழுபதுகளின் பிற்பாதி அது. பொங்கல் கழிந்த வாரத்தில் ஊர் வியாபாரிகளும் வாத்தியார்கள் சிலரும் சேர்ந்து 'பன்னாட்டுக் கலை விழா' என்று ஒன்றை நடத்துவார்கள். அந்தப் பெயரை நோட்டீசில்தான் பார்க்கலாம், சனங்களுக்கு அது 'நாட்டுக்கடை'. மூங்கில் நட்டு, தென்னந்தட்டி கட்டி, ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாட்டின் பெயரை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள்.

ஆட்டம் பாட்டமெல்லாம் மேடையில் ஒருபக்கம் நடந்துகொண்டிருக்கும், அதை யார் பார்த்தார்கள்? கூட்டம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளில்தான். கடையநல்லூரிலிருந்து வந்த, துபாயில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் 'அரபு நாடு' என்ற கடையில் நெய்ச்சோறும் பேரீச்சம்பழமும் தருவார். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் கல்லில் ரொட்டியைக் கொத்துகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். ஜப்பானுக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் ஒருத்தரும் கிடையாது. ஆனாலும் ஜப்பான் இல்லாமல் உலகமா என்று எங்கள் டிராயிங் வாத்தியார் சேமியாவை உப்புப் போட்டு அவித்து, அதுதான் ஜப்பான் என்றார். பாவம் ஜப்பான்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு நாங்களும் தின்றோம்.

அம்மா இந்தக் கடைகள் எதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக 'பர்மா' என்று எழுதியிருந்த கடைக்குத்தான் போவாள். அவள் பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அங்கே கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, அவளும் அவளுடைய அப்பாவும் கட்டிய துணியோடு கப்பலேறி வந்தார்கள். தங்கை கமலா வரவில்லை. அவள் ஒரு பர்மாக்காரரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். கொஞ்சகாலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அம்மாவைச் சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்த மறுவருஷமே தாத்தாவும் கண்ணை மூடிவிட்டார். அப்புறம் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள உலகத்திலேயே கமலா சித்தி ஒருத்திதான்.

எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா வைத்ததுதான் சட்டம். "அந்த நாட்டு நாத்தமெல்லாம் இந்த அடுப்புல ஏறப்பிடாது, சொல்லிட்டேன்" என்று அத்தை முதல் நாளே சொல்லிவிட்டாளாம். அதனால் அம்மா வருஷத்தில் ஒரேயொரு நாள், பார்க்கில் நின்றுதான் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். அவள் போனது சாப்பிட மட்டும் இல்லை. பஞ்சாலைப் பக்கம் குடியேறியிருந்த பர்மா அகதிகளிடையே வருஷாவருஷம் புதிதாகக் கப்பலில் வந்த ஒரு குடும்பம் இருக்கும், கடையையும் பெரும்பாலும் அவர்களிடமே கொடுத்துவிடுவார்கள். அம்மா அவர்களிடம் பர்மா பாஷையில் பேச்சுக் கொடுப்பாள். வீட்டில் தரையைப் பார்த்தே பேசுகிற என் அம்மா அங்கே கையை ஆட்டி, தலையைச் சாய்த்து, வாய்விட்டுச் சிரிப்பாள். இது யாருடைய அம்மா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கமலாவைத் தெரியுமா என்று கேட்பாள். தெரியாது என்பார்கள். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம், கடையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இருந்தார். கூட்டம் இன்னும் சேரவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, அவர் மீன் சாறும் அரிசி நூலுமான மொகிங்காவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள். "காளி கோயில் தெருவுல இருந்தா. சுருட்ட முடி. தையல் தைப்பா. கமலான்னு பேரு."

அவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க?"

"அவ அக்கா."

"தெரியும்க்கா" என்றார். "மொதல்ல சாப்பிடுங்க."

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியைச் சாப்பிடுகிறவரிடம் சொல்லமாட்டார்கள். கேட்டுவிட்டால் தலை முழுகும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பதால், பசியோடு நிற்கிறவரைச் சாப்பிடவைத்து, கை கழுவிய பிறகே வாயைத் திறப்பார்கள். ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது 'மொதல்ல சாப்பிடுங்க' என்று பதில் வந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்தான். ஆனால் பன்னிரண்டு வருஷமாகக் காத்துக்கிடந்தவளுக்குத் 'தெரியும்' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. நான் பருப்பு வடையிலேயே கண்ணாக இருந்த சின்னப்பிள்ளை, எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அரிசி நூலை உறிஞ்சி, எலுமிச்சை பிழிந்து, கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் குடித்தாள். "உங்க சித்தி இதுல ரெண்டு மிளகா சாஸ்தியா போடுவாட்டி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள். அவர் ஊற்றினார். முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கை கழுவினாள். பிறகுதான் அவர் சொன்னார். மஞ்சள்காமாலை. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே.

வீட்டுக்கு வந்தோம். அத்தையிடம் நான்தான் சொன்னேன். அத்தை கெட்டவள் இல்லை. நேரே கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்து வைத்தாள். "பதினாறு கழிஞ்சு காதுல விழுந்தா தீட்டு கெடையாது ஏட்டி. தலைக்கு ஊத்திட்டு வந்தா தீந்துபோச்சு" என்றாள். வழக்கம் அதுதான், அத்தை ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. அம்மா ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். "போதும், சன்னி கண்டுரும்" என்று அத்தை வாளியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஓலம் இல்லை, ஒப்பாரி இல்லை, கேட்க வருகிற சனம் இல்லை. கூடப்பிறந்தவளுக்கு அம்மா இருந்த துக்கம் அந்தக் குளியல் மட்டும்தான். மறுநாள் காலையில் வழக்கம்போல இட்லி அவித்தாள்.

அதன் பிறகு அவள் பார்க்குப் பக்கம் வரவில்லை. நாட்டுக்கடையும் எண்பதுகளின் நடுவில் நின்றுபோனது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ராஜபாளையம் ரோட்டில் வரிசையாகச் சைனாக் கடை, அரபுக் கடை என்று எரிந்துகொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தேன். பார்க்கில் நாலைந்து பேர் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். கடைகள் எந்த இடத்தில் இருந்தன என்று கேட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு விழா நடந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோது அம்மா ஒருதரம் தானாகவே சொன்னாள்: "கூடப்பொறந்தவ செத்துப்போயிருக்கா, நான் நாக்கச் சப்புக்கொட்டித் தின்னுட்டு நிக்கேன். அந்த மனுசன் மேல எனக்குக் கோவம் இல்லட்டி. அவ கையால ஆக்கிப் போட்ட மாதிரியே இருந்துச்சு. அதான் வெக்கமில்லாம இன்னொரு தடவ கேட்டு வாங்குனேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அம்மாவும் இல்லை. கமலா என்று ஒருத்தி இருந்தாள் என்பதை அறிந்த ஆள் எங்கள் குடும்பத்தில் நான் மட்டும்தான். அவளை நான் பார்த்ததில்லை; ஒரு போட்டோகூடக் கிடையாது.