பரானிகோ மாமாவுக்குப் போட்ட நாற்காலி

அரோயிதா கடை திறந்த அன்றைக்கே ஊர் ஜனங்கள் அதற்கு நாள் குறித்துவிட்டார்கள். "கிறிஸ்துமஸைத் தாண்டாது" என்றார்கள். கடையில் அப்படி என்ன இருந்தது? மண் இல்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்க ஓட்டை போட்ட வெள்ளைக் குழாய்கள், உர உப்புப் பொட்டலங்கள், விதை, தேங்காய் நார்த்தூள், ஒரு நீளத் தொட்டி நிறைய கீரை நாற்று. மீன் விற்கிற தெங்காவா வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"கீரையெல்லாம் பன்னி திங்கிறது. காசு குடுத்துப் பன்னித் தீனி வாங்க எங்களுக்கென்ன கிறுக்கா?"

"நீ வாங்காட்டி போ. உன் பன்னியாவது நல்லா இருக்கட்டும்" என்றாள் அரோயிதா.

கடை போட்ட பணம் அவள் கடல் தாண்டிப் போய், குவீன்ஸ்லாந்தில் தக்காளிக் கூடாரங்களில் இடுப்பொடியப் பறித்துச் சம்பாதித்தது. அங்கே ஒரு பிடி மண் இல்லாமல் தக்காளி குலுங்குவதைப் பார்த்தபோது, நடுக்கடலில் உப்பு மணலே கதியென்று கிடக்கும் தன் தராவா தீவுதான் அவளுக்கு நினைவில் வந்தது. ஊர் திரும்பினால் அக்காவுக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்திருந்தார்கள். பச்சைக் காய்கறி சாப்பிடச் சொன்னாராம் டாக்டர். கப்பலில் வாடி வதங்கி வருகிற முட்டைக்கோஸ் யானை விலை, அதற்கு எங்கே போவது? அன்றைக்கு அழுத அழுகையில்தான் இந்தக் கடை முளைத்தது.

ஜனங்கள் நாள் குறித்ததற்கு வேறு காரணமும் உண்டு. நம் தீவில் சொந்தக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, "புபுசி" என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். இல்லை என்று சொன்னவளின் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள், அவள் கடைப் பக்கம் காக்கை கூடப் போகாது. தீவில் யார்தான் சொந்தமில்லை? எத்தனை கடைகள் இப்படியே துடைத்துக்கொண்டு போயின! அரோயிதாவிடமும் சித்தி மகன் குழாயைக் கேட்டான், நாத்தனார் விதையைக் கேட்டாள். சிரித்த முகமாய்க் கொடுத்தாள். உள்ளே போனால் புருஷன் தெகியேராவின் கடுகடுத்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

கடைசியில் வந்தார் பரானிகோ மாமா. அம்மாவுடன் பிறந்தவர். புபுசி கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் தெருவில் வந்தாலே ஜனங்கள் வலையையும் கோழியையும் ஒளித்து வைப்பார்கள். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"மருமகளே, புபுசி. அந்தக் காத்து மோட்டார் எனக்கு வேணும். என் தொட்டியில மீன்குஞ்செல்லாம் மூச்சு முட்டுது."

அரோயிதா மோட்டாரைத் திரும்பிப் பார்த்தாள். கடையில் மிச்சமிருந்தது அந்த ஒரு மோட்டார்தான். தண்ணீருக்குள் காற்று ஊதி நாற்றையெல்லாம் உயிரோடு வைத்திருப்பதே அதுதான். இந்த வெயிலில் அது நின்றால் வேர் அழுகும். அடுத்த கப்பல் எப்போதோ? கொடுத்தால் நாற்று போச்சு, மறுத்தால் மானம் போச்சு. கடை எப்படியும் போச்சு!

"எடுத்துக்கங்க மாமா" என்றாள். மோட்டாரைத் துடைத்துத் தன் கையாலேயே கொடுத்தாள்.

தெகியேரா தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டுப் பட்டினி கிட!"

"கொஞ்சம் சும்மா இரு" என்றாள். பொழுது விடிந்ததும் தலை வாரி, நல்ல துணி உடுத்தி, மாமா வீட்டுக்குப் போய் அவர் எதிரே முறையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, புபுசி. உங்க மோட்டார்ல காத்து வர்ற குழாய் ரெண்டு இருக்கு. ஒண்ணு எனக்கு வேணும். அது பக்கத்துல நாத்துத் தொட்டிய வைக்கக் கொஞ்சம் இடமும் வேணும்."

ஆயுசு முழுக்கக் கேட்டே பழகிய மனுஷனிடமே ஒருத்தி கேட்டுவிட்டாள். மறுக்க முடியுமா? அன்றைக்கே நாற்றுத் தொட்டி அவர் வீட்டு முற்றத்துக்குப் போனது, அதன் பின்னாலேயே கடையும் போனது. பெரிய ரோட்டை ஒட்டிய முற்றம் அது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மாமாவை உட்கார வைத்தாள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தெங்காவா புபுசி கேட்க வந்தாள், தூரத்துச் சொந்தமாம்! நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது.

"வாம்மா வா! உன் பன்னி நல்லாக் கொழுத்திருக்காமே?" என்றார் மாமா.

அவ்வளவுதான். சொந்தமென்று கேட்டால் அவரும் சொந்தமாகிப் பன்றியைக் கேட்பாரே! தெங்காவாவின் கை பணப்பையைத் தேடியது. "அரோயிதா, அந்தக் குழாய் என்ன விலை? சீக்கிரம் சொல்லு தாயே!"

மாமாவிடம் பன்றியைப் பறிகொடுப்பதற்குக் காசு கொடுப்பதே மேல் என்று ஜனங்களுக்குப் புரிந்துபோயிற்று. கிறிஸ்துமஸ் வந்தது, போனது, கடை நிலைத்து நின்றது. அக்கா வீட்டுச் சுவரில் வெள்ளரி தொங்கியது. யாரையும் நோகடிக்காமல் இதைச் சாதித்தாளே, அந்த நெஞ்சுரம் நம்மில் யாருக்கு வரும்?

ஒரு சாயங்காலம் மாமா கீரையை மென்றுகொண்டே கேட்டார்: "மருமகளே, இந்தக் கடையையே புபுசி கேட்டா என்ன பண்ணுவ?"

தெகியேரா அவசரமாகக் காசுப் பெட்டியை மூடினான். அரோயிதா நாற்றுக்குத் தண்ணீர் பார்த்தபடியே சொன்னாள்: "தருவேன் மாமா. காலையில தலை வாரிக்கிட்டு உங்க முன்னாடி வந்து உக்காருவேன்."

மாமா புரையேறும்வரை சிரித்தார். "வேணாம்மா, வேணாம். எனக்கு நாற்காலியே போதும்."