வாழைக்குப் போன தண்ணீர்

வரப்பில் வழுக்கி விழுந்து அமிர்தத்தின் வலது மணிக்கட்டு முறிந்த வருஷம்தான் அந்த வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மிஷின் வந்தது. வடக்கனந்தலில் அவர்கள் தெருவில் யாரும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தாம்பரத்தில் இருக்கும் மகள் தேவிப்ரியா வாங்கி அனுப்பியிருந்தாள். கட்டுப் பிரித்த பிறகும் அமிர்தத்தின் கையில் பிடிமானம் வரவில்லை. ஒரு டம்ளரைக்கூட அழுத்தித் தேய்க்க முடியாது.

மிஷின் வந்த அன்றே மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "பொங்கலுக்கு வருவேன். அப்ப மிஷின் ஒழுங்கா ஓடிக்கினு இருக்கணும். ஒடைஞ்ச கைய வச்சிக்கினு நீ பாத்திரத்தோட மல்லுக்கட்டிக்கினு இருந்தன்னா, உன்ன தாம்பரத்துக்கு இட்டுக்கினு போயிடுவேன்மா."

தாம்பரத்தில் ஒருமுறை பத்து நாள் இருந்து பார்த்தவள் அமிர்தம். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு, அதுவும் சாத்தியே இருக்கும். கணவர் ராஜாங்கத்தையும் கரும்பையும் விட்டுவிட்டு அங்கே போய் உட்கார அவளுக்கு மனசே இல்லை.

மிஷின் முதல் வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பாதியிலேயே நின்றுபோக ஆரம்பித்தது. தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் சிவப்பு விளக்கு சிமிட்டும். திறந்து பார்த்தால் தட்டுகளில் சாம்பார் காய்ந்து ஒட்டியிருக்கும்.

ராஜாங்கம் அடியிலிருந்த வடிகட்டியைக் கழற்றி, கறிவேப்பிலையையும் புளிச்சக்கையையும் எடுத்துப் போட்டார். குழாயை முழுக்கத் திறந்து வைத்தார். மேல் தொட்டியை நிரப்பினார். சோப்புத் தூளை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"உன்ன மாரியே இருக்குதுடி இது. ஆரம்பிக்கும், முடிக்காது."

"நீங்க மட்டும் இன்னாவாம்? ஆரம்பிக்கவே மாட்டீங்க."

மிஷினை மாட்டிவிட்டுப் போன கள்ளக்குறிச்சி மெக்கானிக் அய்யப்பன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இடஒதுக்கீடு கேட்டு மறுபடியும் போராட்டம் நடந்த மார்கழி அது. ஒருநாள் ஊர்வலம் என்றான், ஒருநாள் மறியல் என்றான்.

அதனால் ராஜாங்கமே பாத்திரம் தேய்த்தார். பம்புசெட்டுத் தொட்டியருகே அவர் குந்தித் தேய்க்க, அமிர்தம் இடது கையால் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றும்போதெல்லாம் அவளுக்கு எண்பத்தேழாம் வருஷம் ஞாபகம் வந்துவிடும்.

அப்போதும் இடஒதுக்கீட்டுப் போராட்டம்தான். அவள் கல்யாணமாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் ஊரெல்லையில் ஒரு பஸ் நின்றுபோனது. அதிலிருந்த சனங்களுக்கு அவள் மாமியார்தான் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். வேளைக்கு வேளை பாத்திரம் மலையாகக் குவிந்தது. அதுவரை அவளிடம் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியிராத ராஜாங்கம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரை எடுத்தார்.

"அத்தை பாத்தா திட்டும்ங்க."

"திட்டட்டும். பஸ்ஸு கெளம்பறவரிக்கும் எனக்கும் வேலை இல்ல."

அந்த நாலைந்து நாளில்தான் அவர்கள் பேசப் பழகினார்கள். பஸ் கிளம்பிப் போனபோது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

போகிக்கு முந்தின நாள் அய்யப்பன் கூப்பிட்டான். "பஸ்ஸு நவுரலம்மா. ரோட்டுல உக்காந்துக்கினு இருக்காங்க. வீடியோல வாங்க, இங்கேர்ந்தே பாத்துடறேன்."

அமிர்தம் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் போனைக் காட்டினாள்.

"அழுக்குத் தண்ணி போற பைப்ப காட்டுங்க. இன்னாம்மா இது, நான் சிங்க்குக்கு மேலல்ல மாட்டிட்டு வந்தேன்? யாரு எடுத்தது?"

எடுத்தது அமிர்தம்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு விட்டே பழகியவள் அவள். அவ்வளவும் சிங்க் வழியாகச் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால் ஒரே வாரத்தில் அந்தப் பைப்பை இறக்கி, சுவரடி ஓட்டை வழியாகத் தரையோடு வெளியே விட்டிருந்தாள். வாழையும் தளதளவென்று குருத்து விட்டிருந்தது.

"வாழைக்குத்தான் உட்டேன் தம்பி" என்றாள் மெதுவாக.

"அதான் கோளாறு. பைப்பு கீழ கெடந்தா, மிஷின் இழுக்குற தண்ணியெல்லாம் தானா வெளிய ஓடிடும். உள்ள தண்ணி நின்னாத்தான அது கழுவும்?"

ராஜாங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ட்ரம்முல டியூப உட்டு டீசல் எறக்குவமே, அந்த மாரி. மாசம் முச்சூடும் நான் பாத்திரம் தேச்சிருக்கேன், நீ வாழை வளத்துக்கினு இருந்திருக்க."

பைப் மறுபடியும் சிங்க் மேலே ஏறியது. அமிர்தத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ராஜாங்கம் மண்வெட்டியை எடுத்தார். சிங்க் தண்ணீர் வெளியே வந்து விழும் இடத்திலிருந்து வாழைவரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டார்.

பொங்கலன்று தேவிப்ரியா தானே தட்டுகளை அடுக்கி மிஷினைப் போட்டாள். அது இழுத்தது, சுழன்றது, வடித்தது, கடைசியில் கூவி நின்றது. திறந்தால் ஆவி பறந்தது. ஒரு தட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தவள், "சரி, இங்கயே இருந்துக்கோ" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அமிர்தத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் தொட்டிப் பக்கம் பார்வை போனபோது, எண்பத்தேழில் பஸ் கிளம்பிப் போன அன்றைக்கு இருந்ததுபோல ஏதோ ஒன்று குறைந்தது.

அப்போது ராஜாங்கம் அடிப்பிடித்த பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டியோரம் குந்தி, நாரை எடுத்தார்.

"இன்னாங்க, அதான் மிஷின் இருக்குதே."

"பானை அதுக்குள்ள நொழையல" என்றார் அவர். "இன்னா பாத்துக்கினு நிக்கற? தண்ணிய ஊத்து."